கறி நாறல்ல டீச்சர், சாப்பிடலாமா?

இந்த முறை வந்த கடிதத்தில பாதிக்கு மேல கோழிக்கறியப் பத்தித்தான். கச்சான் காத்து வீசத் தொடங்கினா வருசா வருசம் இப்படித்தான், ஆனி ஆடியில எனக்கு வாறது ஒண்டு மாங்காய் ஊறுகாய்க் கேள்வி, இல்லாட்டி வயித்தால போற கதை. ஊறுகாய அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சிட்டன், கோவிச்சுக்காதீங்க.

கல்லடியிலிருந்து ஒரு வாசகி: டீச்சர், போன வியாழக்கிழமை எங்கட சின்னவன்ட பிறந்தநாள். 6 கிலோ கோழி, பெரிய அலுமினியச் சட்டியில தேங்காப்பால் விட்டுக் காய்ச்சி பின்னேரம் 6 மணிக்கு இறக்கினம். ஆக்கள் வந்து போய் முடிய ராத்திரி 11 மணி, சட்டியில அரைவாசிக்கு மேல மிச்சம், களைப்பில மூடி வெச்சிட்டுப் படுத்திட்டம். விடிய லேசா சூடு காட்டி இடியப்பத்தோட எல்லாரும் சாப்பிட்டம், நல்ல வாசம், ருசியும் அப்படியே இருந்திச்சு. பின்னேரம் 5 மணிபோல ஒவ்வொருத்தரா வயித்த முறுக்கி வயித்தால போகத் தொடங்கிட்டு. அம்மம்மாவுக்கு மட்டும் ஒண்டும் இல்ல. அவ சொல்றா, கறி பழுதெண்டா நாறியிருக்கும், இது வந்த சனத்துட கண்ணூறுதான் எண்டு. செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பில போட்டாச்சு. அம்மம்மா சொல்றது சரியா?

டீச்சர்: வியாழன் ராத்திரி பார்ட்டி, சாப்பிட்டது வெள்ளி விடிய. உங்கட அம்மம்மா வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) தொடுற ஆளா மகள்? அதக் கேட்டுப் பாருங்க முதல்ல. எனக்கெண்டா கண்ணூறு அவவ மட்டும் விட்டு வெச்சதுக்கு அதுதான் காரணம் எண்டு படுது.

ஆனா அவ சொன்னதில ஒரு விசயம் இருக்கு, அத லேசில தள்ள ஏலா, ஏனெண்டா நம்மட ஊரில முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிற. நாறினாப் பழுது, நாறாட்டி நல்லது எண்டு. உண்மையில கறிய நாற வைக்கிற கிருமி வேற, ஆள விழுத்துற கிருமி வேற. நாற வைக்கிறது மணம், நிறம், பிசுபிசுப்பு எண்டு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும். மற்றது சத்தமில்லாமப் பெருகும், மணமும் மாறாது, ருசியும் மாறாது. உங்கட கறி நல்லா மணத்ததும் உண்மை, உங்களுக்கு வயித்தால போனதும் உண்மை, ரெண்டுக்கும் சண்டை இல்ல.

சரியா எந்தக் கிருமி எண்டு கறிய லாப்ல பாத்தாத்தான் சொல்லலாம். ஆனா பெரிய சட்டிக் கறி, மெல்ல மெல்ல ஆறினது, சாப்பிட்டு 9 மணித்தியாலத்தால வயித்த முறுக்கினது, சத்தி, அதான் வாந்தி, இல்ல (நீங்க எழுதல்ல, அதால இல்லையெண்டு எடுத்துக்கிறன்), இதெல்லாம் சேர்ந்தா குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, அதிட கைவேலை மாதிரிக் கிடக்கு. அதுக்கு விதை மாதிரி ஒரு கூடு இருக்கு, கறி கொதிச்சாலும் அந்தக் கூடு சாகாது. அடுப்ப அணைச்ச பிறகு கறி ஆறி 50 டிகிரிக்குக் கீழ வரக்குள்ள முழிச்சிக்கும். 43-47 டிகிரிச் சூட்டில அதுக்கு நல்ல கொண்டாட்டம், 10 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு மடங்காகும். உங்கட சட்டி ராத்திரி கனநேரம் கிருமி வளருற சூட்டிலதான் கிடந்திருக்கும், பெரிய சட்டிக் கறி நடுவுக்குள்ள ஆறக் கனநேரம் எடுக்கும். மறுகா விடிய லேசா சூடு காட்டினீங்களே, அந்த லேசா எண்டதுதான் பிழை. கொதிக்க வெச்சிருந்தா வளந்து நிண்ட கிருமியாவது செத்திருக்கும்.

அப்ப கொதிக்க வெச்சா எல்லாம் சரிதானே எண்டு நினைச்சிராதீங்க. கையால வாற ஒண்டு இருக்கு, ஸ்டெபைலோகொக்கஸ். நம்மட மூக்கில, தோலில, விரலில இருக்கிற சின்னப் புண்ணில இருக்கும். கறியத் தொட்டு ருசி பாத்த கையால உள்ள போய் அங்க நஞ்சக் கக்கி வெச்சிரும். கிருமி சூட்டில செத்தாலும் கக்கின நஞ்சு சாகாது, அரை மணித்தியாலம் கொதிக்க வெச்சாலும் அப்படியே கிடக்கும். அதுக்கு அரை மணித்தியாலத்திலயிருந்து 8 மணித்தியாலத்துக்குள்ள சத்தி தொடங்கிரும். இத எழுதுறது ஏனெண்டா, பழைய கறியெண்டா வடிவாக் கொதிக்க வெச்சிரு எண்டு சொல்லிச் சொல்லியே நாம ரெண்டு நாள் கறிய மேசையில வெச்சுத் திண்டு பழகிட்டம்.

அம்மம்மாட பக்கமும் ஒண்டு சொல்லத்தான் வேணும். அவட காலத்தில மண்சட்டி மீன்கறி 2 நாள் வெளிய கிடந்துதான், விடிய ஒருக்கா ராவைக்கு ஒருக்கா சூடு காட்டி, ஒருத்தருக்கும் ஒண்டும் வரல்ல. ஆனா அந்தக் கறியில கொறக்காப்புளி எவ்வளவு போட்டாவு, உப்பு எவ்வளவு, தேங்காப்பால் எவ்வளவு குறைவு எண்டு யோசிச்சுப் பாருங்க. புளிப்புக் கூடின இடத்தில கிருமி வளரப் பஞ்சிப்படும். உங்கட கோழிக்கறியில கெட்டிப்பால், இறைச்சி, கிழங்கு, புளியெண்டு ஒண்டுமே இல்ல, கிருமிக்குப் பாயாசம். ரெண்டையும் ஒரே கணக்கில வெச்சா சரிவராது.

கணக்கு இதுதான். சமைச்ச இறைச்சி வெளிய 2 மணித்தியாலத்துக்கு மேல கிடக்கப்படாது. 32 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற நாளில 1 மணித்தியாலம்தான், நம்மட மட்டக்களப்புல வைகாசி தொடக்கம் ஆவணி மட்டும் அநேகமான நாளில பகலைக்கு அதுக்கு மேலதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில கிருமிக்கு நல்ல காலம், ஒண்டில அதுக்கு மேல கொதியோட வெச்சிருங்க, இல்லாட்டி அதுக்குக் கீழ கொண்டு போங்க.

இப்ப பிரிஜ்ஜில வைக்கிற கதை. இதில நானே செருப்படி பட்டவ. படிப்பிச்சது மனைப்பொருளியல், வீட்டில செஞ்சது வேற. ஒருக்கா மகள்ட பூப்பு நீராட்டுக்கு காய்ச்சின கறி மிஞ்சினத, பெரிய சட்டியோட மூடிக் கொண்டு போய் பிரிஜ் கீழ்த்தட்டில வெச்சன், தட்டையும் கழட்டி இடம் பண்ணி. விடிய எடுத்து அகப்பையப் போட்டுக் கிண்டினா ஓரமெல்லாம் குளிர், கொழுப்பு வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. நடுவுக்க போன அகப்பைய எடுத்துப் பின்பக்கத்தத் தொட்டா வெதுவெது எண்டு இருக்கு, கைக்குழந்தைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணி மாதிரி. 9 மணித்தியாலம் பிரிஜ்ஜுக்குள்ள இருந்த கறி! அந்தச் சூட்டில பக்கத்தில இருந்த பாலும் திரைஞ்சு போச்சு. கறிய அப்படியே பின் வளவில குழி தோண்டித் தாட்டன், மனுசன் கண்டா ஏசுவார் எண்டு அவர் எழும்ப முன்னம்.

அதால சட்டியோட வைக்காதீங்க. அகலமான, பள்ளம் குறைஞ்ச பாத்திரத்தில, ரெண்டு விரல் கணுவுக்கு மேல உயராம, பிரிச்சுப் போடுங்க. ஐஸ்கிரீம் டப்பா நிரம்பக் கறி ஊத்துறதும் சட்டி மாதிரித்தான், அரைவாசிக்குக் கீழ ஊத்துங்க. கெதியா ஆற வேணுமெண்டா பேசின்ல ஐஸ் தண்ணி விட்டு அதுக்க பாத்திரத்த வெச்சுக் கிண்டி விடுங்க. ஆவி அடங்கினதும் மூடி உள்ள வைங்க, முழுசாக் குளிரும் வரைக்கும் வெளிய காத்துக்கிட்டு நிக்கத் தேவையில்ல. சூடான சாமான் வெச்சா பிரிஜ் பழுதாகும் எண்டு எங்கட ஆக்கள் பயந்து பயந்துதான் கறிய ராத்திரி முழுக்க மேசையில விடுற.

இப்ப எல்லாருக்கும் எப்படி இருக்கு எண்டு எழுதல்லையே மகள். வயித்தால போறது இன்னும் நிக்கல்லையெண்டா ஜீவனி (உப்பு, சீனி கலந்த தூள்) பக்கற்ற ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில முழுசாக் கரைச்சு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. ரத்தம் கலந்து போனா, காய்ச்சல் கூடினா, சின்னவன் மூத்திரம் போறது குறைஞ்சா, வீட்டில வயித்துப் புள்ளத்தாச்சி இருந்தா, அதப் பாப்பம் இதப் பாப்பம் எண்டு நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நடக்க ஏலாதவங்களெண்டா 1990க்கு எடுத்தா அம்புலன்ஸ் வரும், காசு இல்ல.

களுவாஞ்சிகுடியிலிருந்து: பிரிஜ்ஜில வெச்ச கோழிக்கறி அல்வா மாதிரி ஆடுது, மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு, எலும்புக்குப் பக்கத்தில கறுப்பாக் கிடக்கு. மாமி வீசச் சொல்றா, இவர் சாப்பிடச் சொல்றார். வைச்சு ரெண்டு நாள்.

டீச்சர்: இந்த முறை இவர்தான் சரி, மாமிக்கிட்ட நான் சொன்னதாச் சொல்ல வேணாம்.

ஆடுறது எலும்பிலயும் தோலிலயும் இருந்து இறங்கின பசை, குளிரில உறையும், சூடாக்கினா தண்ணியாகும். வெள்ளை கொழுப்பு. எலும்புக்குப் பக்கத்துக் கறுப்பு, இந்த இளம் ப்ரொய்லர் கோழி எலும்பு இன்னும் முத்தல்ல, அதுக்குள்ள இருக்கிற சாறு சமைக்கக்குள்ள வெளிய கசிஞ்சு கறுக்கிறது. தேங்காப்பால் திரிதிரியாப் பிரிஞ்சு நிக்கிறதும் பழுது இல்ல.

பழுதான கறிய எப்படிப் பிடிக்கிறது எண்டா, மூடியத் திறந்த உடன மூக்க வைக்காதீங்க, முதல்ல பாருங்க. ஆறின கறி, அடுப்பில இல்ல, ஆனா ஓரத்தில சின்னச் சின்னக் குமிழி வந்து உடையுது, கள்ளுப்பானை நுரை மாதிரி. சில நேரம் டப்பா மூடி மேல உப்பியிருக்கும், திறக்கக்குள்ள புஸ் எண்டும். கரண்டியால குழம்பக் கோலி ஊத்தினா சொட்டுச் சொட்டா விழாம நூல் மாதிரி இழுபடும். இறைச்சித் துண்டத் தொட்டா வழுவழுண்டு, கையக் கழுவினாலும் அந்த வழுவழுப்பு விரலில ஒட்டிக்கிட்டு நிக்கும், கொழுப்பெண்டா சவுக்காரம் போட்டா போயிரும், இது லேசில போகாது. மணம் எங்கட கறியில பிந்தித்தான் தெரியும், வறுத்த தூளும் கறுவாவும் ரம்பையும் சேந்து மூடிப் போட்டுரும், அதையும் தாண்டி பழஞ்சோத்துத் தண்ணி புளிச்ச மணம் ஒண்டு வந்தா முடிஞ்சுது. பொரிச்ச கோழியெண்டா மேல பச்சை கலந்த சாம்பல் நிறம், மொறுமொறுப்புப் போய் பிசுபிசுப்பு. பூஞ்சணம் கண்டா அந்த இடத்த மட்டும் வெட்டி வீசுற கதையெல்லாம் இறைச்சிக்குச் சரிவராது, முழுசையும் வீசுங்க.

தயவு செஞ்சு நாக்கில தொட்டு ருசி பாத்துச் சோதிக்காதீங்க. எங்கட ஆக்களுக்கு அந்தப் பழக்கம் பொல்லாதது, சந்தேகமான கறிய ஒரு வாய் வெச்சு, அடுத்த ஆளுக்கும் ஒரு வாய் குடுத்து, நீ பாரு எண்டு வாக்கெடுப்பு நடத்துறது.

இதில எதுவும் இல்லாட்டியும் நாள் கணக்குப் பாக்கணும். நல்லாக் குளிருற பிரிஜ்ஜில, 4 டிகிரிக்குள்ள, சமைச்ச கோழிக்கு 3 நாள், மிஞ்சினா 4. உங்கடது ரெண்டு நாள்தானே, தேவையான அளவ மட்டும் எடுத்து நடுவுக்குள்ள கொதிக்கிற மட்டும் சூடாக்கிச் சாப்பிடுங்க. மிச்சத்தச் சூடாக்காம உள்ளயே விடுங்க, திருப்பித் திருப்பி எடுத்துச் சூடாக்கி வைக்க வைக்க ஒவ்வொரு முறையும் அது ஆறுற நேரமெல்லாம் சேர்ந்து கிருமிக்கு வாசியாகும்.

வாழைச்சேனையிலிருந்து: கரண்ட் போனா டீப் பிரீசர்ல இருக்கிற கோழி எவ்வளவு நேரம் தாங்கும்?

டீச்சர்: கதவத் திறக்காட்டி, நிரம்பி இருக்கிற பிரீசர் 48 மணித்தியாலம், அரைவாசி இருந்தா 24. கீழ் பிரிஜ் 4 மணித்தியாலம்தான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தமே, அப்ப என்ட பிரீசர்ல ஒண்டும் போகல்ல, பக்கத்து வீட்டில எல்லாம் போச்சு, ஏனெண்டா அங்க பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கதவத் திறந்து இன்னும் ஐஸ் இருக்கா எண்டு பாத்தவங்க. இடம் மிச்சமிருந்தா போத்தல்ல தண்ணி விட்டு அடுக்கி வைங்க, ஐஸ் கூடக் கூட தாங்கும்.

ஊருக்குப் போயிட்டு வாறவங்களுக்கு ஒரு வேலை சொல்றன். கோப்பையில தண்ணி வெச்சு ஐஸாக்கி, அதுக்கு மேல ஒரு குத்திக்காச வெச்சிட்டுப் போங்க. வந்து பாக்கக்குள்ள காசு மேலயே இருந்தா பயமில்ல. அடியில கிடந்தா இடையில எல்லாம் உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு, அந்தக் கோழிய யாருக்கும் குடுக்காதீங்க, நாய்க்கும் வேணாம். துண்டுக்கு நடுவில இன்னும் ஐஸ் பொருக்குத் தட்டுப்பட்டா மட்டும் திருப்பி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: கலியாண வீட்டில இருந்து சஹன்ல (எல்லாரும் சேந்து சாப்பிடுற பெரிய தட்டு) மிஞ்சின புரியாணிய சொப்பிங் பேக்ல கட்டி அனுப்புறாங்க. சோறு வீசுறது பாவம் எண்டு உம்மா அடுத்த நாள் மட்டும் வெச்சுத் திங்கிறா. என்ன சொல்லலாம் டீச்சர்?

டீச்சர்: உம்மாட மனசு நல்லது, அதில பிழை சொல்ல ஏலா. ஆனா அஞ்சாறு பேரு கை போட்ட சஹன்ட மிச்சத்த அடுத்த நாளுக்கு வைக்கவே ஒண்ணா. மேல சொன்னேனே, கையால வாற கிருமிட நஞ்சு கொதிச்சாலும் போகாது எண்டு, அதுதான் இதில இருக்கிற பயம். சோத்தில தனியா இன்னொண்டு, பசிலஸ் சீரியஸ், அதுட நஞ்சில ஒரு வகையும் சூட்டுக்கு அசையாது. சூட்டோட பேக்ல கட்டினா உள்ளுக்க புழுங்கி ரெண்டுக்கும் வாசி.

கை படாத கிடாரத்து மிச்சம் எண்டா கதை வேற. வந்த உடன பேக்க அவிட்டு, தட்டில பரப்பி, பிரிஜ்ஜில வெச்சு அடுத்த நாளே முடிச்சிருங்க. கலியாண வீட்டுக்காரங்களுக்கு ஒரு சொல், சஹன்ல கொஞ்சமா வெச்சுக் கேக்கக் கேக்கப் போட்டா, கை படாத மிச்சம்தான் மிஞ்சும், அத அப்பயே பக்கத்து வீடுகளுக்கு அனுப்பலாம், பாவமும் இல்ல பயமும் இல்ல.

சம்மாந்துறையிலிருந்து: இவர் விடிய 5 மணிக்கு வயலுக்குப் போவார். ராத்திரிக் கோழிக்கறியச் சூடாக்கி சோத்தோட லஞ்ச் சீட்ல கட்டிக் குடுக்கிறன், பகல் 1 மணிக்குத்தான் சாப்பிடுவார்.

டீச்சர்: 8 மணித்தியாலம் தங்கச்சி. வயல் வாடியில (குடிலில) நிழல் இருந்தாலும் சூடு சூடுதான். விடியச் சாப்பாட்டுக்கு வேணுமெண்டா கோழியக் குடுங்க, போன உடன 6 மணிக்குள்ள சாப்பிடட்டும். பகலைக்கு கருவாட்டுப் பொரியலும் மாசிச் சம்பலும், சோத்த வாடியில ஒரு சுண்டு அரிசி போட்டு ஆக்கச் சொல்லுங்க. கோழி இல்லாம இறங்காது எண்டாரெண்டா, பிரிஜ்ஜில குளிர்ந்த கறியச் சூடாக்காமலே டப்பாவில போட்டு, ஐஸாக்கின தண்ணிப் போத்தல் ரெண்டோட ரெஜிபோம் பெட்டியில அடைச்சுக் குடுங்க, பகல் திறக்கக்குள்ள போத்தல்ல ஐஸ் மிச்சமிருக்கணும். அங்க அடுப்பு மூட்டிக் கொதிக்க வெச்சுச் சாப்பிடலாம். ஐஸ் உருகின தண்ணியையும் குடிக்கலாம், அவருக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

ஒலுவிலில படிக்கிற ஒரு தம்பி: ரூம்ல பிரிஜ் இல்ல. அம்மா செங்கலடியில இருந்து பஸ்ல கோழி பொரிச்சு அனுப்புவா. 3 நாள் வெச்சுச் சாப்பிடுவன், இதுவரைக்கும் ஒண்டும் ஆகல்ல.

டீச்சர்: வந்த அண்டைக்கே ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் பகிர்ந்து முடி தம்பி. அம்மாவுக்கு நான் தனியா எழுதுறன், அடுத்த முறை மாசிச் சம்பல் வரும்.